மூன்று வார்த்தைப் பரீட்சை

சிறுமலையில் பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். அவரிடம் தியானம் பழக வந்தவர்களில் அவரைவிடப் படித்தவர்கள் உண்டு, வசதியானவர்கள் உண்டு. மூளையையே படித்தவள் ஒருத்திதான். அவள் பெயர் மங்கையர்க்கரசி.

மதுரையில் முப்பத்திரண்டு வருஷம் மூளை நரம்பு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தேழு. கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருந்தது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். அவளைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஒருநாள் காய்கறிக் கடையில் கடைக்காரர், "வேற என்னம்மா?" என்றார். வேண்டியது எதிரிலேயே இருந்தது. பச்சையாக, வாசனையாக, கட்டுக் கட்டாக. பெயர் மட்டும் வரவில்லை. விரலால் காட்டி வாங்கிக்கொண்டாள். தெருமுனை திரும்பியபோது "கொத்தமல்லி" என்று வாய் தானாகச் சொன்னது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை.

மறுநாளே தன் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். அவளிடம் படித்த டாக்டர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார். அவள் நம்பவில்லை. படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் பஸ் மாறி, மலைப்பாதையின் பதினெட்டு வளைவும் ஏறி, பிச்சாண்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. பக்கத்தில் பாய் விரித்த ஒரு கூடம். பிச்சாண்டிக்கு எழுபத்தொன்று. காவியும் இல்லை, தாடியும் இல்லை. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார்.

"மூளை சுருங்காம இருக்க."

"அது சுருங்குமா?"

"வயசாக ஆக எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும் ஐயா. தியானம் பண்றவங்களுக்கு அது மெதுவா நடக்குதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது."

"சிலதா?"

"சிலதுதான். அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்னும் முடிவாத் தெரியல."

பிச்சாண்டி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எனக்கு மூளையைப் பத்தித் தெரியாது டாக்டரம்மா. சும்மா உட்காரத் தெரியும்."

"அது போதும்" என்றாள் மங்கையர்க்கரசி.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

"கம்பத்துக்கிட்ட" என்றார்.

"கம்பமா?"

"மலையில கம்பி அறுந்து கிடக்கும். கீழே கரண்டை நிறுத்திட்டோம்னு தகவல் வந்தாத்தான் கம்பத்துல ஏறலாம். அப்போ ஏது போனு? ஆள் நடந்து வந்து சொல்லணும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் அரை நாள். அது வரைக்கும் கம்பத்தடியில உட்கார்ந்திருக்கணும். அவசரப்பட்டா செத்தேன். தூங்கினாலும் வேலைக்கு ஆகாது. அப்படியே உட்கார்ந்து பழகிப்போச்சு."

"எவ்வளவு வருஷமா?"

"நாப்பது இருக்கும்."

மங்கையர்க்கரசி அந்த எண்ணை மனதில் குறித்துக்கொண்டாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலைக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். அவர் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். முதுகை நிமிர்த்தி உட்கார். மூச்சு வருகிறதா, பார். போகிறதா, பார். மனசு எங்காவது ஓடினால் திட்டாதே, திரும்பி வா. மற்றபடி அவர் அவள் பக்கத்தில் ஒரு பாயில் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி காத்தம்மா சமையல்கட்டில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள்.

டாக்டர் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, உட்கார்ந்த நிமிஷம், மனசு ஓடிய தடவை என்று மூன்று கட்டம். நான்காம் மாதம் பிச்சாண்டி அதைப் பார்த்தார்.

"இது என்னது, பதினேழு, இருபத்திரண்டு?"

"மனசு எத்தனை தடவை ஓடிச்சுன்னு ஐயா. குறையுதான்னு பார்க்கிறேன்."

"யாரு எண்ணினது?"

"நான்தான்."

"அப்ப நீங்களும் பின்னாடியே ஓடியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.

காரணம் இருந்தது. அவளுடைய அம்மா எழுபது வயதில் மறக்கத் தொடங்கினாள். முதலில் சாவி, அப்புறம் வழி, அப்புறம் ஆட்கள். மகள் அதே நோய்க்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் தினமும் காலையில் அம்மா எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். இன்றைக்கு என்ன கிழமை? இது எந்த ஊர்? நான் யார்? நேற்றைவிட இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. அம்மா முதலில் பதில் சொன்னாள். பிறகு அழுதாள். கடைசி வருஷங்களில், மகளின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். "அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல" என்று மங்கையர்க்கரசி எல்லோரிடமும் சொன்னாள். அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் அவள் பிச்சாண்டியிடம் கேட்டாள்.

"ஐயா, உங்க தலையை ஒரு படம் எடுக்கணும்."

"எதுக்கு?"

"நாப்பது வருஷம் உட்கார்ந்த மூளை எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

"பார்த்தா?"

"எனக்கு நம்பிக்கை வரும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, வரேன். மதுரைக்குப் போய் ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் படுக்க வைத்தால் பலர் பத்து நிமிஷத்தில் வெளியே விடச் சொல்வார்கள். பிச்சாண்டி முக்கால் மணி நேரம் படுத்திருந்தார். மெஷினை இயக்கிய பெண், "இப்படி அசையாம இருந்தவங்களை நான் பார்த்ததே இல்லை மேடம்" என்றாள். மங்கையர்க்கரசிக்குப் பெருமையாக இருந்தது.

"சத்தம் தொந்தரவா இருந்துச்சா ஐயா?"

"பெரிய சத்தம். வந்துச்சு, போச்சு" என்றார் பிச்சாண்டி. பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் வாங்கிக் குடித்துவிட்டு மலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை படம் வந்தது.

ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயர் மாறிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போன் செய்தாள். மாறவில்லை. பிறந்த வருஷம் சரியா என்று கேட்டாள். சரி. மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தாள்.

புதிதாக நடப்பதை நினைவாகச் சேர்க்கிற இடம் ஒன்று மூளையில் இரண்டு பக்கமும் உண்டு, சுண்டு விரல் அளவுக்கு. இரண்டு பக்கமும் அது தேய்ந்து கிடந்தது. எழுபத்தொரு வயதுக்கு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இதே படத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதில் அவள் அம்மாவின் பெயர் இருந்தது.

அப்புறம் ஐந்து வாரம் அவள் மலைக்குப் போகவில்லை. வீட்டிலும் உட்காரவில்லை. நோட்டைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் போட்டாள். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நாற்பது வருஷம் உட்கார்ந்த மனுஷனையே மறதி விட்டு வைக்கவில்லை என்றால் ஏழு மாதம் உட்கார்ந்தவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. ஆயிரம் பேருக்கு நேருக்கு நேர் சொன்னவள் இவருக்கு மட்டும் சொல்லாமல் ஒளிவது சரியில்லை. ஆறாவது வாரம் படத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பிச்சாண்டி தோட்டத்தில் இருந்தார். காத்தம்மா சமையல்கட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"இவ்வளவு ஊறுகாயா?" என்றாள் மங்கையர்க்கரசி, வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல்.

"உப்பு நிறைய வந்துடுச்சு டாக்டரம்மா. கடைக்குப் போனா உப்பு வாங்கிட்டு வர்றாரு. வீட்ல இருக்கிறது ஞாபகம் இல்ல. மறுபடி போனா மறுபடி உப்பு."

டாக்டர் ஜாடிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா இருக்கு" என்றாள் காத்தம்மா, கத்தியை நிறுத்தாமல். "நீங்க படம் எடுத்தீங்களே, அதுல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அதான் இத்தனை நாளா வரலியா?"

"நீங்க அவர்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லையா?"

"என்னத்தக் கேக்க? ஏன் உப்பு வாங்கினீங்கன்னா? உப்பு வந்தா ஊறுகாய் போடுவேன்."

மங்கையர்க்கரசி கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிச்சாண்டி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா. நேத்துத்தான் போனீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க."

"ஐஞ்சு வாரம் ஆச்சு ஐயா."

"அப்படியா?" அவர் யோசித்துப் பார்த்தார். "ஆயிருக்கும்."

அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். எது எந்த இடம், எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். இனி என்ன நடக்கும் என்பதையும் சொன்னாள். மருந்து உண்டு, அது கொஞ்சம் பிடித்து நிறுத்தும், திருப்பிக் கொண்டுவராது என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, அவசரப்படவும் இல்லை. தொழில் பழக்கம் கை கொடுத்தது.

பிச்சாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"பயமா இருக்கா ஐயா?"

"இருக்கு."

அவர் அப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"காத்தம்மா பேரு ஒருநாள் வராமப் போயிடுமோன்னுதான்" என்றார். நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பத்து மூச்சு நேரம் ஆகியிருக்கும். நிலையைப் பிடித்திருந்த கை தளர்ந்து கீழே இறங்கியது. வந்து தன் பாயில் உட்கார்ந்தார்.

"பயம் போயிடுச்சா?" என்றாள்.

"இல்ல. இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அப்போ நாப்பது வருஷம் எதுக்கு ஐயா? காலையிலயும் சாயந்திரமும் உட்கார்ந்தீங்களே, எதுக்கு? ஒரு சுண்டு விரல் அளவு இடத்தைக்கூட அது காப்பாத்தலியே!"

பிச்சாண்டி அவள் மடியில் இருந்த நோட்டைக் காட்டினார்.

"அது எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"உங்களுக்கு ஒரு பரீட்சை வைக்கணும். படத்துல தெரியறது ஒண்ணு, ஆள் எப்படி இருக்காருங்கிறது ஒண்ணு. எங்க வழக்கம் அது."

"வைங்க."

"இப்ப வேண்டாம் ஐயா."

"வைங்க டாக்டரம்மா. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க."

அவள் நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினாள். பேனாவை எடுத்தாள்.

"நான் மூணு வார்த்தை சொல்றேன். மனசுல வெச்சுக்குங்க. அப்புறம் கேட்பேன். குடை. மாம்பழம். நாற்காலி. திருப்பிச் சொல்லுங்க."

"குடை, மாம்பழம், நாற்காலி."

"இன்னிக்கு என்ன தேதி?"

"தெரியல."

"மாசம்?"

அவர் வாசலைப் பார்த்தார். "தூறிக்கிட்டே இருக்கு. ஐப்பசியா இருக்கணும்" என்றார். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருந்தது.

"வருஷம்?"

அவர் ஒரு வருஷம் சொன்னார். அது ஆறு வருஷத்துக்கு முந்தியது.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு."

"அதுல ஏழு போனா?"

"எதுல?"

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் பொறுமையாக வட்டம் போட்டார். வட்டம் நன்றாக வந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சரியில்லையே" என்று சொல்லித் தாளைக் கொடுத்தார். முகத்தில் வெட்கமில்லை. மறுபடி பிடுங்கித் திருத்தவும் முயலவில்லை.

அம்மா இதே கடிகாரத்தை வரைந்துவிட்டு, தாளைக் கசக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டது மங்கையர்க்கரசிக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அதைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போட்டாள்.

அவள் கடிகாரத் தாளை நோட்டுக்குள் வைத்தாள்.

"நான் முன்னாடி மூணு வார்த்தை சொன்னேனே. அது என்ன?"

பிச்சாண்டி அவளைப் பார்த்தார். அவள் வேலை செய்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிற முகம் அவளுக்குத் தெரியும். கண் அலைபாயும், நெற்றி சுருங்கும், உதடு எதையாவது பிடிக்கப் பார்க்கும். காய்கறிக் கடையில் அவள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த முகத்தில் அது வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சு" என்றார்.

"ஒண்ணுகூட இல்லையா? ஒண்ணு பழம்."

"இல்ல. மூணும் போயிடுச்சு."

அவள் தலையைக் குனிந்து கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க ஐயா."

"வார்த்தைதான் போச்சு. சொல்றப்ப உங்க குரல் நடுங்கிச்சு. அது தெரியுது."

பேனா தாளிலேயே நின்றது.

தன் குரல் நடுங்கியது அவளுக்குத் தெரியாது. இந்த மூன்று வார்த்தைகளை எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள்? யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒருத்தி மட்டும் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

சமையல்கட்டில் காத்தம்மா ஜாடியைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. மங்கையர்க்கரசி நோட்டை மூடினாள். படத்தைக் கையில் எடுத்து, அந்தத் தேய்ந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இங்கதான் ஐயா எல்லாத்தையும் சேர்த்து வைக்கணும். இங்க ஒண்ணுமே இல்ல. மாம்பழம் நிக்கல, நாற்காலி நிக்கல. என் குரல் நடுங்கினதை மட்டும் எங்க எடுத்து வெச்சிருந்தீங்க?"

பிச்சாண்டி சொன்னார்:

"நான் எதையும் எடுத்து வைக்கலம்மா. அது இப்பவும் நடுங்குது."